எட்டு பிளக் வண்டி

கோயம்புத்தூரில் நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக் போட்ட காரை முதலில் ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. பீளமேட்டில் ஓட்டியது என் தம்பி சென்னகேசவன். அது 1936.

கார், பஞ்சு வியாபாரி அரங்கசாமிக் கவுண்டருடையது. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையேறும்போதெல்லாம் இருமி இருமி நின்றுவிடும்.

"ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக் பத்தலீங்க. ரெண்டு வச்சா பெட்ரோல் முழுசா எரியும்" என்றான் தம்பி.

"மலையேறிப்போச்சுன்னா என்ற கிடங்குப் பக்கத்துக் கொட்டகையில நீ பட்டறை வச்சுக்க. இல்லீன்னா பேசாம உங்க மாமன் கடையில புண்ணாக்கு நிறுத்துப் போடு" என்றார் கவுண்டர்.

தம்பிக்குப் புண்ணாக்கு வாசனையே ஆகாது. எஞ்சின் தலையில் புதிதாக நாலு துளை போட்டான். பழைய பிளக்குகளுக்குப் பொறி தந்துகொண்டிருந்த மேக்னட்டோவை அப்படியே விட்டான். புதியவற்றுக்குப் பொறி தர பேட்டரியும் காயிலும் வைத்தான். எந்த பிளக்குக்கு எப்போது பொறி என்று பங்கிட, மூடி போட்ட கிண்ணம் போல ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். அதன் நடுவில் ஒரு முள் சுழலும்; சுற்றிலும் நாலு வயர். வயர்களை என் பழைய சேலைக்கரையால் வரிசையாகக் கட்டினான். கேட்டுத்தான் கிழித்தான்.

கவுண்டர் வெள்ளை வேட்டியோடு தேங்காய், கற்பூரம் சகிதம் வந்தார். மேக்னட்டோவில் எஞ்சின் நன்றாகவே ஓடியது. தம்பி காயில் சுவிட்சையும் தட்டினான். படார்! கார்புரேட்டர் தீயைக் கக்கியது. தேங்காய் சாக்கடைக்கு உருண்டது.

"ஏந் தம்பி, மலையேறச் சொன்னா வேட்டு உடறயா?"

தம்பி பேட்டரியைப் பார்த்தான், வயர்களைப் பார்த்தான். குறை இல்லை. கிண்ணத்து மூடியைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, கைப்பிடிய மெல்லச் சுத்துங்க" என்றான். கவுண்டர் சுற்றினார். முள் இடமாகச் சுற்றியது.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வயர்களை அவன் வலமாகச் சுற்றும் வரிசையில் மாட்டியிருந்தான். கோயிலானாலும் ஆரத்தியானாலும் வலமாகவே சுற்றிப் பழகிய கை. முள் மறுபக்கம் போகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதனால் பொறி தப்பான நேரத்தில் விழுந்திருக்கிறது.

"ரெண்டு வயர மாத்திப்போட்டா தீந்துதுங்க."

கவுண்டருக்குத் தீரவில்லை. "என்ற வண்டிக்குள்ள இடஞ்சுத்தா? அத வச்சுட்டு மலைக்குப் போறதா? முள்ள வலமாச் சுத்த வையி."

"எஞ்சின் பல்சக்கரம் அப்படிச் சுத்துதுங்க. மாத்த முடியாது."

"அப்பப் புண்ணாக்குதான்."

தம்பி கிண்ணத்துக்குள் இன்னொரு முறை குனிந்து பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் சாக்கு விரித்தான். முள்ளைச் சுழற்றும் தண்டின் கீழ்முனை அங்கே தெரியும். அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தான்.

"படுத்துப் பாருங்க. நான் சுத்தறேன்."

கவுண்டர் முனகிக்கொண்டே உள்ளே போனார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. தம்பி கைப்பிடியைச் சுற்றினான்.

"வலந்தான்டா! அப்ப மேல இருந்து பாத்தா ஏன் பொய் சொல்லுது?"

"அது பொய் சொல்லலீங்க. பாக்கற ஆளு பக்கம் மாறிப்போச்சு."

"அம்மணி, நீயும் வந்து பாரு!"

சந்தேகம் இருக்கக் கூடாது என்று நானும் படுத்துப் பார்த்தேன். வலந்தான்.

தம்பி இரண்டு வயரையும் மாற்றினான். சுவிட்சைத் தட்டியபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். வேட்டு இல்லை, எஞ்சின் சத்தம் மட்டும் திடமாயிற்று. அன்றே மூவரும் கிளம்பினோம். திம்பம் உச்சி வரை வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. கவுண்டர்தான் குளிரில் இருமினார்.

அங்கேயே மடியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து நீட்டி, "வலது கையில வாங்கு" என்றார்.

தம்பி இரண்டு கையாலும் வாங்கினான்.