பேருந்து நிலையம் மேடேறிய கதை

எந்த நிலத்தில் எது வரலாம் என்று நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடும் அவளை எல்லோரும் மேப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குடிநீர்த் துறையில், அவள் கணவர் பொறியாளர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். படிக்கட்டில் பிரிந்து அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவள் போட்ட சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டம் உடைந்தது. புதிய பேருந்து நிலையத்தின் படத்தை மறுநாள் கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். வளைந்த கூரை, நடுவில் மரங்கள், பயணிகள் உட்கார நீளத் திண்டுகள். அவளுக்கே அதன்மேல் கொள்ளை ஆசை. தேநீருடன் எட்டிப் பார்த்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எந்த இடம்?"

"கிழக்கால இருக்கிற பள்ளத்து நிலம். ஏங்க?"

"அய்யய்யோ! மழைத்தண்ணி இறங்குற இடமே அதுதானே. அங்க குளம் வெட்டணும்னு நாங்க எழுதி அனுப்பியிருக்கோம். அதுமேல சிமெண்ட் போட்டா சுத்தி இருக்கிற கிணறெல்லாம் காத்துதான் வாங்கும்!"

"மாடியில இருக்கிற என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"வீட்ல ஆபீஸ் பேச்சு வேணாம்னது யாரும்மா?"

சண்டை போடத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுநாள் தன் மேலதிகாரி அம்மாவையும் கணவரின் தலைமைப் பொறியாளரையும் ஒரே அறையில் உட்காரவைத்தாள். வண்டி நிறுத்தும் இடத்துக்காக முட்டிக்கொண்டதிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணவரோடு சேர்ந்து, இரண்டு துறைகளின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். குளத்தின் நடுவே பேருந்துகள் நின்றன.

"பஸ்ஸா, படகா?" என்றார் தலைமைப் பொறியாளர். அதிகாரியம்மா முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம்வரை நான்கு பேரும் பென்சிலும் கையுமாக இருந்தார்கள். வடக்கே பாறைமேடு ஒன்று இருந்தது. அங்கே எப்படியும் தண்ணீர் இறங்காது. நிலையம் அங்கே போகட்டும் என்றார் கணவர். பள்ளத்து நிலத்தைச் சும்மா விட்டால் யாராவது வீடு கட்டிவிடுவார்கள் என்று அதிகாரியம்மா கவலைப்பட்டார்.

"விளையாட்டு மைதானமா விட்டுடலாம் மேடம். மழைக்குத் தண்ணி நிக்கட்டும், வடிஞ்சதும் பசங்க ஆடட்டும்," என்றாள் மேப்பக்கா. எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதைக் கணவர் கணக்குப் போட்டார். பாறைமேட்டுக்கு வளைந்த கூரை ஒத்துவராது என்று தெரிந்தபோது மட்டும் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பழைய படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, புதிதாக ஆரம்பித்தாள்.

மைதானம் தயாரான வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார்கள். கோல் கம்பம் பாதிவரை தண்ணீரில் நின்றது. வழக்கமாக முழங்கால் ஆழம் தேங்கும் பக்கத்துத் தெருவோ ஈரத்தோடு சரி. குடையோடு நின்ற ஒருவர், "எந்த மகராசன் பள்ளத்துல கொண்டுபோய் மைதானம் கட்டினானோ!" என்று புலம்பினார்.

"மகராசன் இல்லீங்க, மகராசி. இவங்கதான்," என்று பெருமையாகக் கைகாட்டினார் கணவர்.

அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். குடைக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தத் தண்ணீர் எந்தெந்தக் கிணற்றுக்குப் போகும் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் வீட்டுக் கிணறும் அதில் இருந்தது.