வண்டூருக்குப் போய்ச் சேராத கார்

உயிரோடு இருக்கிற புலிச்சோழியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அந்தமானில் இருந்த அத்தனை வருஷமும் எனக்கு இது ஒன்றுதான் பைத்தியம். கடையில் மினுமினுவென்று விற்கிறார்களே, அது வெறும் ஓடு. உயிருள்ளது தண்ணீருக்குள் தன் சதையையே சால்வை மாதிரி ஓட்டின்மேல் போர்த்திக்கொண்டு நகருமாம். விரல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். வீட்டில் பீரோ நிறையச் சங்கும் சிப்பியும் சேர்த்து வைத்திருந்தேன். இதை மட்டும் பார்த்ததில்லை.

அதற்கு வண்டூர் போக வேண்டும். அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக வற்றுகிற நாளில், முழங்கால் தண்ணீரில் பவளப்பாறை வரை நடந்தே போகலாம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் எனக்கு மலேரியா, மறு வருஷம் பேய்மழை. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டியூட்டி. கடைசியில் மாற்றல் உத்தரவே வந்துவிட்டது. அடுத்த கப்பலில் மெட்ராஸ். அதற்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு அமாவாசை. விட்டால் விட்டதுதான்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு, நாங்கள் குடியிருந்த பத்துபஸ்தியிலிருந்து எங்கள் பழைய காரில் கிளம்பினோம். காராச்சரமா தாண்டி, காட்டுக்குள் ஒரு ஏற்றத்தில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. அவர் இறங்கிப் பார்த்தார்.

"ஃபேன் பெல்ட் அறுந்திருச்சு. பயப்படாதட்டி, ஸ்பேர் கெடக்கு."

டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கியை நகர்த்தினார்.

"எங்க?"

"நம்ம தெருக் காண்ட்ராக்டர்ட்ட குடுத்தேன்லா. மறந்தே போச்சு."

"குடுத்திட்டியளா! யாரைக் கேட்டுக் குடுத்திய?"

யாரைக் கேட்பது? அங்கே வழக்கமே அதுதான். ஸ்பேர் எதுவானாலும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் யார் வீட்டு டிக்கியில் இருந்தாலும் அது ஊருக்கே பொது. 'கப்பல் வந்ததும் தர்றேன்' என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கார் பேட்டரியே ஒரு மாதம் பெங்காலி டாக்டர் வீட்டில் இருந்தது. இந்தத் தடவை கப்பல் வந்தது, பெல்ட் வரவில்லை. கொடுத்தவருக்கும் ஞாபகமில்லை, வாங்கியவருக்கும் ஞாபகமில்லை. நல்ல ஊர், நல்ல வழக்கம்! வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். பாவம், அவர் கயிற்றை முறுக்கிக் கட்டிப் பார்த்தார். அறுந்தது. நான் வெட்கத்தை விட்டு மரத்துக்குப் பின்னால் போய்ப் பாவாடை நாடாவை உருவிக் கொடுத்தேன். அது என்ஜினைக் கிளப்பியதுமே நார்நாராகிப் போனது.

"நடந்தே போறேன்" என்றேன்.

"ஏட்டி, போய்ச் சேரதுக்குள்ள இருட்டிரும்."

அந்தமானில் பொழுது சாய்வது அப்படித்தான், நாலரைக்கெல்லாம் மங்கிவிடும். இடுப்புச் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். அங்கே இந்நேரம் கடல் வற்றிக் கிடக்கும் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை.

அப்போதுதான் வண்டூர்ப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. பார்த்தால் அதே காண்ட்ராக்டர், பக்கத்தில் அவர் மனைவி. மதுரைப் பக்கத்து ஆட்கள், எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார்கள்.

"க்யா ஹுவா பாய்சாப்? காடி கராப் ஆயிருச்சா?" என்று, வண்டிக்கு என்ன ஆச்சென்று பாதி இந்தியில் கேட்டபடி குதித்து இறங்கியவர், விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அரே! உங்க பெல்ட்லதான் சார் நாங்க வண்டூர் போய்ட்டு வர்றோம்!"

என் பெல்ட்டில், என் நாளில்! இன்றைக்குக் கடல் வற்றும் என்று அவர் மனைவியிடம் வாய் ஓயாமல் சொன்னதும் நான்தான்.

"இன்னும் வத்தித்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, ஏற ஆரம்பிச்சிருச்சு. ஆனா கவலைப்படாதீங்க!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்களை அங்க காணோமேன்னு உங்களுக்காகவே பொறுக்குனேன். புலிச்சோழி! உயிரோடவே கிடைச்சுச்சு!"

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கஞ்சியில் சோழிகள் பாதி வெளியே தெரிந்தும் அமிழ்ந்தும் கிடந்தன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் சாம்பல் நிறத்தில் சதை தொங்கியது. வெந்த நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. கை தானாகப் போய் ஒன்றைத் தொட்டது. அது அசையவில்லை.

"அங்கயே சோறு வடிச்சோமா, அந்தக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். சதை தானா கழண்டுரும்க்கா. நீங்க ஊசியை வச்சுக் குத்தி எடுக்கவே வேணாம்."

ஐயோ என்று கத்தத் தோன்றியது. அவளைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். வேர்த்து ஒழுகி, கையெல்லாம் பாறை கிழித்த கீறலோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சிருக்காக்கா?"

"பிடிச்சிருக்கும்மா" என்றேன்.

காரை ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். பின் சீட்டில் வைத்தால் கவிழ்ந்துவிடும் என்று டின்னை என் மடியிலேயே வைத்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பத்துபஸ்தி வருகிறவரை அது மடியில் சுட்டுக்கொண்டே இருந்தது.