வெளியே பூட்டு, உள்ளே ஆள்

எங்கள் ஊருக்கு ஒரு திட்டம் போட்டார்கள். இன்னும் இருபது வருடத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும், தொழிற்சாலை எங்கே வரலாம், பஸ் எங்கே ஓட வேண்டும், எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பெரிய புத்தகம் அது. பொருளாதார வளர்ச்சி, சமூக மேம்பாடு என்று மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமாக அதற்கு ஒரு பெயர். அந்த வேலையை எடுத்திருந்த தனியார் ஆலோசனை நிறுவனத்துக்கு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. ஓசூரில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவேன் என்று நேர்காணலில் சொன்னேன். சிரித்துவிட்டு மத்திகிரிப் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள்.

கணவர் இறந்த பிறகு கிடைத்த வேலை எதையும் நான் விட்டதில்லை. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் அவள் ஊர்தான், ஆனாலும் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. எனக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். சுத்தப் பொய். பகல் முழுக்க ஊரார் வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு வீடு திரும்பினால், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஒரு ஆள் கிடையாது. டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

வேலை சுலபம்தான். கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப் கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் கேள்விகள். திறக்காமல் பூட்டுத் தொங்கினால் ‘பூட்டிய வீடு’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொட வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று முறை போய் மூன்று முறையும் பூட்டியிருந்தால், டேப் தானாகவே அதை ‘ஆளில்லா வீடு’ என்று மாற்றிக்கொள்ளும். ஆளில்லா வீட்டுக்குக் கேள்வி கிடையாது. அப்படிப்பட்ட தெரு அமைந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கால்நடைப் பண்ணைச் சுவருக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஒரு சந்து அமைந்தது. இரண்டு பக்கமும் லைன் வீடுகள், சீட் போட்ட கூரை, வீட்டுக்கு ஒரு கதவு, ஒரு சன்னல். எல்லாம் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டவை. நான் போனபோதெல்லாம் முக்கால்வாசிக் கதவுகளில் பூட்டு. கொடியில் யூனிபாரம் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. துணி தன்னைத்தானே துவைத்துக்கொள்ளாது என்பது என் மண்டையில் ஏறவில்லை. பேருக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனேன்.

மூன்றாவது முறை போனபோது மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். சந்தின் கடைசிக்கு முந்தின வீடு. பூட்டைப் பார்த்தேன், தட்டினேன், கட்டத்தைத் தொட்டேன். அடுத்த வீட்டுக்கு நகரும்போது சன்னல் பாதி திறந்தது. உள்ளே ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கண் சிவந்து, தலை கலைந்து நின்றாள்.

“நீங்கதானாக்கா அப்பப்ப வந்து தட்டிட்டுப் போறது?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உள்ளதான் இருக்கியா? வெளிய பூட்டியிருக்கே!”

“நைட் ஷிப்ட் முடிச்சு வந்து ஏழு மணிக்குப் படுப்பங்க. கூட இருக்கறவங்க ரெண்டு பேரும் ஜெனரல் ஷிப்ட். போறப்ப வெளிய பூட்டிட்டுப் போய்டுவாங்க. பூட்டு தொங்குனா சேல்ஸ்காரன், சிலிண்டர்காரன் ஒருத்தனும் தட்ட மாட்டான். இந்தச் சந்துல பாதிப் பேரு அப்டித்தாங்க தூங்கறது.” கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். “நீங்க ஒருத்தருதான் பூட்டப் பாத்தும் தட்டறீங்க.”

அவமானத்தில் எனக்கு முகம் சுட்டது. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் கணவர் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில், அவரை உள்ளே தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போனவள் நான். வருடக்கணக்கில் அப்படிச் செய்திருக்கிறேன். அந்த மனிதர் போனதோடு அந்தப் பழக்கமும் என் நினைவிலிருந்து போய்விட்டது. ஒருவரை எவ்வளவு தூரம் மறந்திருந்தால் இப்படி ஒரு தப்பு வரும்!

அன்று வெயிலோடு வெயிலாக அந்தச் சந்தில் ஒவ்வொரு சன்னலையும் தட்டினேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது, யாருங்க என்று குரல் கேட்டது. ஒரு வீட்டிலிருந்து, “யாரு பேக்கு? மலகோக்கே பிடல்வா?” என்று கன்னடத்தில் ஒரு ஆள் சீறினான். யார் வேண்டும், தூங்கவே விடமாட்டாயா என்கிறான். திட்டு வாங்கி நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு, நல்ல பையன்தான். “மேடம், டேட்டா அனுப்பியாச்சே” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். குடியிருப்புக்கெல்லாம் மஞ்சள் நிறம். பண்ணைச் சுவரின் ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. முதல் இரண்டு சுற்றின் கணக்கை வைத்தே அதன் மேல் கோடு போட்டு லாரி நிறுத்துமிடம் என்று எழுதியிருந்தார்கள். முக்கால்வாசி வீட்டில் ஆளில்லை என்றால் முழுச் சந்தும் காலி என்று கணக்காம்; அப்படி எழுதிக் கொடுத்தது நான். புத்தகம் அப்படியே அச்சாகிவிட்டால் அந்தச் சந்துக்கு விளக்கு வராது, டவுன் பஸ் வராது, ஒருநாள் சந்தே இருக்காது. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கி விட, அங்கிருந்து சுவரோரமாக இருட்டில் ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள் அவர்கள்.

“கருத்துக்கேட்புக் கூட்டம் வருது. தெருக்காரங்க யாராச்சும் நேர்ல வந்து சொன்னா எழுதிக்குவாங்க” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க பேசாதீங்க மேடம். நம்ம சர்வே தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அடுத்த வேலைக்கு உங்களக் கூப்பிட முடியாது” என்றார்.

சன்னல் பெண்ணிடம் போய்க் கேட்டேன். கூட்டம் பகல் பதினோரு மணிக்கு. அது அவள் ஆழ்ந்து தூங்குகிற நேரம். “ஒரு நாள்தானக்கா, தூங்காம வரேன்” என்றாள். ஒரு மனு எழுதி, சந்தில் இருக்கிறவர்களிடம் சாயங்காலமாகக் கையெழுத்தும் வாங்கி வைத்தாள். அந்த வாரம் நான் தினமும் அந்தப் பக்கம் போனேன். மனு விஷயமாகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பேசுவாள், வெளியே நின்று நான் பேசுவேன். அவளுக்கு அரூர்ப் பக்கம் ஊர். என்ன குழம்பு வைத்தீர்கள் என்று கேட்பாள். ரசம் மட்டும் என்றால், “ஒரு ஆளுக்குன்னாலும் ஒழுங்கா பொங்கித் தின்னுங்கக்கா” என்று அதட்டுவாள். அந்த அதட்டலுக்காகவே இரண்டு நாள் ரசம் வைத்தேன்.

கூட்டத்தன்று பத்து மணிக்குப் போனேன். கதவில் பூட்டு.

சன்னலுக்குப் பின்னால் அவள் குளித்து, தலை வாரி, பச்சைச் சுடிதார் போட்டு நின்றுகொண்டிருந்தாள். அழுகிற மாதிரி இருந்தாள். “ஒரு நிமிஷம் செவுத்துல சாஞ்சங்கா, கண்ணசந்துட்டேன். அவளுங்க பழக்க தோசத்துல பூட்டிட்டுப் போய்ட்டாளுங்க.” கூட இருப்பவர்களைப் போனில் கூப்பிட வழியில்லை, கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நான் ஒரு கல்லை எடுத்தேன். “வேணாங்கா, ஒடச்சா வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிடும்” என்று கெஞ்சினாள். மனுவைச் சுருட்டிக் கம்பி வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டு நான் மட்டும் ஆட்டோ ஏறினேன்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் பேன் ஓடியது, டீ வந்தது, பிஸ்கட் வந்தது. நிலம் வைத்திருப்பவர்கள் பேசினார்கள், கம்பெனி வைத்திருப்பவர்கள் பேசினார்கள், கடைக்காரர்கள் மேம்பாலம் கேட்டார்கள். யூனிபாரம் போட்ட ஒரு ஆளைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை. பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? ஒன்று மிஷின் முன்னால் நிற்பார்கள், இல்லையென்றால் பூட்டிய கதவுக்குப் பின்னால் தூங்குவார்கள்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் எழுந்தேன்.

“நீங்க அந்தத் தெருவாம்மா?” என்று மேடையிலிருந்த அதிகாரி கேட்டார்.

“இல்லைங்க. அந்தத் தெருவத் தப்பா எழுதிக் கொடுத்தவ.”

“தெருக்காரங்க யாரும் வரலையா?”

“கிளம்பி ரெடியா நிக்கறாங்க. வெளிய பூட்டியிருக்கு.”

மண்டபம் சிரித்தது. எனக்கு வந்ததே கோபம். “சிரிக்காதீங்க. ராத்திரி பூரா உங்க கம்பெனியில மிஷின் ஓட்டுனவங்க இப்ப உள்ள தூங்கறாங்க. தூக்கம் கெடக் கூடாதுன்னு வெளிய பூட்டிக்கிறாங்க. நான் பூட்டப் பாத்துட்டு ஆளில்லன்னு எழுதிட்டேன். நீங்க அந்த எடத்துல லாரி நிறுத்தப் போறீங்க.” மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சந்தை மட்டும் ஐந்து நாளில் மறுபடி எடுத்துக் கொடுங்கள் என்றார்.

ஐந்து மத்தியானமும் சன்னல் சன்னலாக நின்று கேட்டேன். மறுசர்வேக்குப் படிவம் பெரிது. கடைசிப் பக்கத்தில் சமூக மேம்பாட்டுக்கென்று புதிதாகச் சில கேள்விகள் சேர்த்திருந்தார்கள். அவள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், உட்கார்ந்து பேசலாம் என்று. சன்னலுக்கு வெளியே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை பேர், எந்த ஷிப்ட், என்ன வசதி வேண்டும் என்று எல்லாம் முடிந்தது. கடைசிக் கேள்வியைப் படித்தேன்.

“இந்தப் பகுதியில், ஒரு கஷ்டம் என்றால் நீங்கள் போய்ச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? வீட்டில் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது.”

அவள் யோசித்தாள். “பக்கத்து வீட்ல யாருன்னே தெரியாதுக்கா. நான் முழிச்சிருக்கறப்ப அவங்க தூங்குவாங்க.” பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டு, “உங்கள ஒரு ஆளா போட்டுக்கலாமா?” என்றாள்.

ஒரு தப்பு செய்துவிட்டு ஊர் முன்னால் நின்றவள் நான். இனி ஒரு புள்ளி பிசகக் கூடாது என்ற பயம் எனக்கு. “நான் இந்தத் தெரு இல்லையே. சர்வே எடுக்கறவங்கள எழுதக் கூடாதும்மா” என்றேன்.

“ஓ” என்றாள். “அப்ப யாரும் இல்லன்னு போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன்.

புத்தகம் வந்துவிட்டது. சந்து மஞ்சளாகிவிட்டது, லாரிகளை வேறு இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சுவரோரம் விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். பஸ் இப்போதைக்குப் புத்தகத்தில் மட்டும் ஓடுகிறது. சொன்னபடியே அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் காட்டப் போனேன். சன்னலில் வேறு ஒரு முகம் தெரிந்தது. அவளுக்குக் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம், போச்சம்பள்ளியில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டாளாம். கூட இருந்தவர்களும் காலி செய்துவிட்டதால், எந்தக் கம்பெனி என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் போய் நின்று பேசிய நான், ஒரு போன் நம்பர் வாங்கி வைக்கவில்லை.

அந்தப் பகுதி மக்களுக்குள் அக்கம்பக்கப் பழக்கம் மிகக் குறைவு, ஆகவே சமுதாயக் கூடம் ஒன்று தேவை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அவள் சொன்னதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். விதிப்படி பார்த்தால் நான் எழுதியது சரி. ஆனால் என் தெருவுக்கு அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு யாராவது வந்திருந்தால், ஒருத்தி இருக்கிறாள் என்று நான் அவளைத்தான் சொல்லியிருப்பேன்.