அசையாத இடத்தில் நின்ற படம்

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அக்கா அழைத்துச் சொன்னதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டில் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சாவுக்கு வர அவளை விடவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எழவு வீட்டு வீடியோவ முழுசாப் பாக்கணும் தம்பி. ஒன்னையும் வெட்டாத. அம்மா மொகத்தப் பாக்கணும், யாரு யாரு வந்தாங்கன்னும் தெரியணும்.”

யார் வந்தார்கள் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா கேட்கும் கேள்வி அல்ல. நம் வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள் வீட்டுச் சாவுக்கு நாமும் ஒரு நாள் போய் நிற்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவளுக்கும் அதில் விலக்கில்லை. அதற்காகவே அன்று, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையின் மூலையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, காலை ஏழு மணி முதல் மாலை நான்கு வரை ஓடவிட்டிருந்தேன். மொத்தம் ஒன்பது மணி நேரம்.

கைப்பேசியில் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. வந்து இறங்கியதும் லயத்துப் பெண்கள் கூடி, அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். எல்லோருமாக உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டும் என்றாள். அந்த டிவியும் டிவிடி பிளேயரும் முதல் சம்பளத்தில் அவள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவை. பென் டிரைவ் செருக அதில் இடம் கிடையாது. என் மடிக்கணினியை அந்தப் பழைய டிவியோடு இணைக்கவும் வழியில்லை. டிஸ்க்கில்தான் போட வேண்டும்.

நான் குடியிருக்கும் பதுளையின் கடைவீதியில் வெற்று டிஸ்க் தேடி சனிக்கிழமை ஏழு கடை ஏறினேன். கைப்பேசி உறை விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர்தான் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“மரக்கறித் தோட்டமா தம்பி?”

“இல்லைங்க, ஏன்?”

“இப்பெல்லாம் வெலிமடையாளுங்கதான் கேட்டு வருவாங்க. கயித்துல கட்டித் தொங்கவிட்டா குருவி வராதாம். படம் பாக்கவா கேக்குறீங்க?”

பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி ஒரே ஒரு டிஸ்க்கை எடுத்தார். அழித்து அழித்து எழுதக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கும் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு டிஸ்க்கில் ஒன்பது மணி நேரம் அடங்க வேண்டுமென்றால் படத்தை மிகவும் மெலிய வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடிக்குச் சராசரியாக ஆயிரம் கிலோபிட் தரவுதான் படத்துக்குக் கிடைக்கும். இதைத்தான் பிட்ரேட் என்கிறோம். கூட்டம் அசையும் இடத்தில் அதிகமும், அசைவில்லாத இடத்தில் குறைவாகவும் செலவழியும்படி விட்டேன். அசைவில்லாத இடத்தில் எவ்வளவு குறையலாம் என்பதற்கு எல்லை வைக்கவில்லை. மிச்சம்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் டிஸ்க்கைக் கொண்டுபோய் தோட்டத்து வீட்டில் அம்மாவின் பிளேயரில் போட்டேன். சாவன்று காலை எட்டு மணி கடந்த காட்சியில் படம் நின்றுவிட்டது. வட்டு சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் சின்னம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடா, ஒங்கம்மா படம் இப்பவே நின்னுடுச்சா?”

பிளேயரின் லென்ஸைத் துடைத்தேன். செவ்வாய்க்கிழமை டிஸ்க்கை அழித்து மறுபடி எழுதி எடுத்துப் போனேன். அதே இடத்தில் நின்றது. தாவிப் போட்டால் வேறு இரண்டு இடங்களில் நின்றது. நின்ற நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் கணினியில் அந்த இடங்களைப் பார்த்தேன். மூன்றிலும் ஆளே இல்லை. எட்டு மணிக்கு எல்லோரும் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வர, தோட்டத்து ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மாவும் தலைமாட்டில் விளக்கும் மட்டும். எதுவும் அசையாததால் பிட்ரேட் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அவ்வளவு குறைவாக வந்தால் அந்தப் பிளேயருக்கு ஓட்டத் தெரியவில்லை. அக்கா எதைப் பார்க்க வருகிறாளோ அங்கேயே நிற்கிறது.

குறைந்தபட்சம் அறுநூறு என்று எல்லை வைத்தேன். புதன்கிழமை நிற்காமல் ஓடியது. ஆனால் அசையாத இடத்துக்குக் கொடுத்தது கூட்டத்திலிருந்து பிடுங்கியதுதான். அம்மாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வரும் இடத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியது. சின்னம்மா சேலை முந்தானையால் டிவியைத் துடைத்துப் பார்த்தாள்.

“இது நானாடா? மூக்கே காணோம்.”

மூக்கு வேண்டும், பிளேயரும் நிற்கக் கூடாது. அந்தப் பிளேயர் தாங்கும் ஆகக் குறைந்த அளவு எது என்று அதில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வியாழன் காலை இருநூறு வைத்துக் கொண்டுபோனேன். விளக்கருகே நின்றது. பஸ்ஸில் திரும்பும்போது டிஸ்க்கில் விரல் ரேகை பதிந்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன். மாலை முந்நூறு. நான்கு இடங்களில் தாவிப் பார்த்தேன், ஓடியது. இருநூற்று ஐம்பதையும் பார்த்திருந்தால் முகங்கள் இன்னும் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதற்கு நேரமில்லை. ஒன்பது மணி நேரத்தையும் முழுவதாக ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். அழுது ஓய்ந்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். திரையில் ஒவ்வொருவராகப் பெரட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். பிறகு அம்மா மட்டும். பிளேயரின் நொடி எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரைக்கு அருகே நகர்ந்தாள். “அம்மா, நான் வந்துட்டேம்மா,” என்றாள். நாற்பது நிமிடம், எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கூட்டம் வந்ததும் மற்றவர்கள் அவளுக்குப் பெயர் சொன்னார்கள். பாதி முகங்கள் கலங்கித்தான் இருந்தன. அவர்கள் நடையை வைத்துச் சொன்னார்கள், சேலையை வைத்துச் சொன்னார்கள். ஒரே ஒருத்தியிடம் தடுமாறினார்கள். பச்சைச் சேலை, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு உடனே போய்விட்டாள்.

“மேல் லயத்தாளு.”

“அவ இவ்வளவு ஒல்லியா? டாக்டர்ட்ட கண்ணப் போய்க் காட்டு.”

“யாருடா தம்பி?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. முந்நூறு வைத்ததில் போன முகம் அது என்று மட்டும் தெரிந்தது. மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் மூலப் பதிவைக் காட்டினேன். முகம் சுத்தமாக இருந்தது. அக்கா பார்த்த உடனே சொன்னாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள், பல வருடத்துக்கு முன் தோட்டத்தை விட்டு வெலிமடைக்குப் போனவள்.

“அவ புருசன் போன மாசம் தவறிட்டாருன்னு கேள்விப்பட்டனே,” என்றாள் சின்னம்மா. “நம்ம யாரும் போகல.”

அக்காவின் விடுப்பில் அன்று பதின்மூன்று நாள் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில், சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் மூவரும் வெலிமடைக்குப் போனோம்.