கொல்லையில் விட்டு வந்த ஃபிலிம் பெட்டி

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்குப் படம் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். டிஜிட்டல் கேமரா ஊரெல்லாம் வந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் பெரிதாக அச்சடிக்கும் கேட்டலாக் என்றால் சென்னையில் என்னைப் போன்ற சிலர் அப்போதும் ஷீட் ஃபிலிமைத்தான் நம்பினோம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஃபிலிம், ஒரு தாளுக்கு ஒரே படம். அதை ஹோல்டர் என்ற தட்டையான உறையில் இருட்டில் போட்டு மூடிவைக்க வேண்டும். உறையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபிலிம், ஒவ்வொன்றுக்கும் இழுத்துத் திறக்கிற மெல்லிய மூடி. வெளிச்சம் ஒரு நொடி பட்டால் போதும், படம் போய்விடும்.

ஜாடிகள், இன்சுலேட்டர்கள், பொம்மைகள் என்று கம்பெனி முதலாளி வெளிநாட்டுக்கு அனுப்ப வைத்திருந்த சாம்பிள்களைத்தான் எடுத்தேன். வேலை முடிந்த அன்று காலையிலேயே அத்தனையும் வைக்கோல் சுற்றி, லாரியேறி, துறைமுகத்துக்குப் போய்விட்டன. முதலாளியும் கூடவே போனார். ஆக, அந்தப் பொருட்கள் இனி என் ஹோல்டர்களுக்குள் மட்டும்தான் இருந்தன. ஒரு அலுமினியப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தேன்.

சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது. வரும்போதே சாலையோரம் ஒரு முந்திரிக் கொல்லையைப் பார்த்திருந்தேன். மரங்களுக்குப் பின்னால் தூரத்தில் சூளைப் புகைபோக்கி தெரியும். எனக்கென்று ஒரு படம் எடுக்கலாமே என்று தோன்றியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்ட ஹோல்டர் ஒன்று கேமரா பையில் மிச்சமிருந்தது. மூன்று நாளாக எனக்கு ஓட்டிய ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"போலாம்க்கா. அங்க ஒண்ணும் இருக்காதே, புழுதிதான் இருக்கும்" என்றார். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

ட்ரைபாடை நிறுத்தி, கேமராவை ஏற்றி, ரசமட்டம் பார்த்தேன். அந்தக் கேமராவின் முதுகில் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் எதிரே உள்ளதெல்லாம் அதில் தலைகீழாகத் தெரியும். நான் துணிக்குள் இருந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது.

"யாரக் கேட்டு அளக்குறீங்க?"

வெளியே தலையை எடுத்தேன். முப்பது வயதிருக்கும் ஓர் ஆள், மடித்துக் கட்டிய லுங்கி, முகமெல்லாம் வியர்வை. அவர் பின்னால் கொல்லைக்குள்ளிருந்து ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வேகமாக வந்துகொண்டிருந்தார். கையில் அரிவாள். சுள்ளி வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அளக்கலைங்க. போட்டோ எடுக்கறேன்."

"போட்டோ எடுக்கறதுக்கு மூணு காலு எதுக்கு, ரசமட்டம் எதுக்கு? எங்கள என்னா ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனச்சிங்களா?"

அப்போது அந்த வட்டாரத்தில் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி கிளம்பும். யார் எடுக்கிறார்கள், எதற்கு என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரியாததாலேயே பயம் அதிகம். மூன்று கால் கருவியோடு யாராவது வந்து நின்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். இது எனக்கு உறைக்கச் சில நிமிடங்கள் ஆனது.

ஆட்டோக்காரர் குறுக்கே வந்தார். "அண்ணே, நான் ஜங்சன் ஸ்டாண்டுல ஓட்டறவன். இவங்க பீங்கான் கம்பெனிக்கு வந்தவங்கண்ணே."

"அப்பன்னா ஓனருக்குப் போனப் போடு."

போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடி போட்டேன். அதே குரல். அதற்குள் சாலையில் போன இன்னும் சிலர் நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பார்த்தாலே புரிந்துவிடும் என்று நினைத்து, "நீங்களே உள்ள பாருங்க" என்று துணியைத் தூக்கிக் காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஜாடிகளை நேராக நிறுத்திப் பார்ப்பதற்காக என் மங்கல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கும். லென்ஸைச் சாய்க்கும் இடத்தில் பாகை எண்கள், கேமராவை நகர்த்தும் கம்பியில் சென்டிமீட்டர் கோடுகள்.

அவர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தபோது முகம் இன்னும் இறுகியிருந்தது. "அத்த, வந்து பாருங்க. நம்ம கொல்லையக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க" என்றார். அந்த அம்மாவின் மருமகன் அவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா துணிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் குனிந்து அலுமினியப் பெட்டியைத் தூக்கினார். "இதுல என்னா இருக்குது? மேப்பா? தொற."

"அதத் தொறக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். கத்தியது இன்னும் மோசமாகப் போயிற்று. ஒளித்து வைக்கிற ஆள் மாதிரிதானே தெரியும். அவர் பூட்டைப் பிடித்து இழுத்தார். பெட்டி திறந்தால் அடுத்து ஹோல்டர் மூடிகளைத்தான் இழுத்துப் பார்ப்பார். அந்த அம்மாவிடம் திரும்பி, வார்த்தை தடுமாறச் சொன்னேன். "அம்மா, உள்ள இருக்கறது இன்னும் கழுவாத ஃபிலிமுங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். அந்தச் சாமானெல்லாம் கப்பலுக்குப் போயிடுச்சு, திரும்ப எடுக்க முடியாது. போலீசக் கூப்பிடுங்க, ஸ்டேஷனுக்கு வரேன். அத மட்டும் தொறக்கச் சொல்லாதீங்க."

"கொஞ்சம் இரு" என்று அவர் மருமகனைத் தடுத்தார். பிறகு என்னைக் கேட்டார். "மெய்யாலுமே போட்டோதானா?"

"மெய்யாலுமேதாம்மா."

"தூரத்துல இருக்கற மரம்லாம் தெரியுமா? எண்ணிப் பாக்கற மாதிரி தெரியுமா?"

"இலைகூடத் தெரியும்."

அவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். "வேற ஊர்ல எங்க சொந்தக்காரங்க நெலம் போச்சும்மா. மரமே இல்ல, கெணறே இல்லன்னு எழுதிட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. இருந்துச்சுன்னு காட்ட அவங்ககிட்ட ஒண்ணுமில்ல. நீ எங்க கொல்லைய எடு. கெணறு, மோட்டார் கொட்டா, அந்தப் பலா, எல்லாம் வுழணும்."

"போட்டோ எங்க கைக்கு வர்ற வரைக்கும் பொட்டி எங்க வூட்ல இருக்கட்டும்" என்றார் மருமகன்.

நான் லென்ஸைக் கழற்றித் தருகிறேன் என்றேன், பெட்டியை விட அது விலை அதிகம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. எதைத் தொட்டபோது நான் கத்தினேனோ, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அது சரியான கணக்குதான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவைக் கிணற்றுப் பக்கம் திருப்பினேன். மருமகன் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். கிட்டே ஒரு முந்திரிக் கிளை, தூரத்தில் கொட்டகை, இரண்டும் துல்லியமாக வர லென்ஸை முன்பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். வழக்கமாக யோசிக்காமலே செய்கிற வேலை. அன்று ஒவ்வொரு திருகையும் தேட வேண்டியிருந்தது. லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, முழுதாக ஒரு நொடி வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று லைட் மீட்டர் காட்டியது.

ஹோல்டரைச் செருகினேன். மூடியை இழுத்தேன். இழுத்த பிறகுதான் கண்ணில் பட்டது: பார்ப்பதற்காகத் திறந்து வைத்த ஷட்டரை நான் மூடவே இல்லை. அந்தத் தாள் முடிந்தது.

"என்னாச்சு?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒண்ணு போச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

மருமகன், "நாடகம் ஆடறாங்க அத்த" என்றார். அந்த அம்மா, "சும்மா இரு" என்று மட்டும் சொன்னார்.

ஹோல்டரைத் திருப்பிப் போட்டேன். ஷட்டரை மூடினேன். விரலால் தொட்டுப் பார்த்து, மூடியதை வாய்விட்டும் சொல்லிக்கொண்டேன். காற்று வந்தது. முந்திரி இலையெல்லாம் ஆடியது. ஒரு நொடிக்குள் இலை ஆடினால் பஞ்சுபோல ஆகிவிடும், மரத்தை யாராலும் எண்ண முடியாது. காத்திருந்தேன். சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை காற்று நின்றது, நான் ஷட்டரைத் தட்டும் கேபிளை அழுத்தப் போகும்போது மீண்டும் வந்தது. பிறகு இலைகள் சட்டென்று அடங்கின. அழுத்தினேன்.

பெட்டியின் மூடி சேரும் இடம் முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டினேன். "வெயில் படாம வெச்சிருங்க. தயவுசெஞ்சு தொறக்காதீங்க" என்று அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஆட்டோவில் திரும்பும்போது ஆட்டோக்காரர், "நான் பாத்துக்கறேன்க்கா, தைரியமாப் போங்க" என்றார். அவரால் என்ன செய்ய முடியும் என்று இருவருக்குமே தெரியவில்லை.

சென்னை வந்ததும் என் இருட்டறையில் அந்த ஒற்றைத் தாளைத் தட்டில் போட்டு ஆட்டினேன். ஃபிக்சர் கரைசலில் கிடந்ததை விளக்கடியில் தூக்கிப் பார்த்தேன். கிணற்றின் செங்கல் வரிசை தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய அளவில் இரண்டு பிரிண்ட் போட்டு, காய்ந்ததும் அட்டைக்குள் வைத்துக்கொண்டு ரயில் பிடித்தேன்.

அந்த அம்மாவின் வீடு பூட்டியிருந்தது. ஆட்டோக்காரரும் நானும் வாசலில் நின்றோம். பக்கத்து வீட்டில், "மருமவன் பெண்ணாடம் போயிருக்காரு, கரும்பு மில்லுக்கு. அந்தம்மா கொல்லைக்குப் போச்சு, ஏதோ பொட்டியையும் தூக்கிட்டுப் போச்சு" என்றார்கள். உச்சி வெயில். பெட்டி சூடேறிக் கிடக்கும் காட்சிதான் எனக்குக் கண்முன் வந்தது. ஃபிலிம் சூட்டையும் தாங்காது. கொல்லைக்கு ஓடினோம்.

அவர் மோட்டார் கொட்டகையில் இருந்தார். தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி, உரச் சாக்குக்குள் சுற்றி, மேலே நனைத்த கோணி போட்டு வைத்திருந்தார். "வூட்ல வெச்சுட்டு வர மனசு வரல. நீ அவ்வளவு கெஞ்சுன" என்றார்.

சாக்கை விலக்கினேன். பூட்டு நெம்பியிருந்தது, டேப்பின் ஒரு மூலை தூக்கியிருந்தது. அடியில் மண் ஒட்டியிருந்தது. யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அவரைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். "அவன்தான். உள்ள இருக்கறத எடுக்கும்போதே புடுங்கிட்டேன். எவ்வளவு தொறந்தான்னு தெரியலம்மா" என்றார்.

பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலைப் படத்தின் மேல் படாமல் நகர்த்தி மரங்களை எண்ணினார். "பலா இருக்குது. கொட்டா இருக்குது. கெணத்துல கயிறுகூடத் தெரியுது" என்றார். பிறகு, "இவன் எங்க நிக்கறான் பாரு" என்று சிரித்தார். கிணற்றடியில் நின்ற மருமகனின் முகம் மட்டும் கலைந்து, புகைபோல இருந்தது. ஒரு நொடி அவரால் தலையை ஆட்டாமல் இருக்க முடியவில்லை.

சென்னையில் கலர் லேபில் ஃபிலிமைக் கொடுத்துவிட்டு வெளியே டீக்கடையில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். முதலாளி இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. கூப்பிட்டபோது போய் விளக்கு மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். ஜாடிகள், இன்சுலேட்டர்கள், பொம்மைகள், எல்லாம் சுத்தமாக வந்திருந்தன. ஒரே ஒரு ஜாடிப் படத்தில் மட்டும் ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல். அந்த ஹோல்டரின் மூடி நகம் அளவுக்கு நகர்ந்திருக்கிறது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். முதலாளி ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆட்டோக்காரர் வேறு விஷயமாகப் பேசியபோது அந்தக் கொல்லையைப் பற்றிக் கேட்டேன்.

"அளக்க ஒருத்தரும் வரலைக்கா. போட்டோவ பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்க. இப்பப் பாதி முந்திரிய வெட்டிட்டுக் கரும்பு வெக்கறாங்க, புதுசா போர் போட்டிருக்காங்க. அதுக்கு இன்னொரு போட்டோ வேணுமாம். அந்த மருமகன்தான் கேட்டாரு. உங்க நம்பர் அவருக்குக் குடுக்கட்டுமா?"

"குடுங்க" என்றேன்.