கயிற்றுக்கு வெளியே நின்ற பெனடிக்ட் மாஸ்டர்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; தூக்கிப் பார்க்காவிட்டால் கடைக்காரர் மதிக்க மாட்டார் என்பதற்காகத் தூக்குவது. தொலைபேசியில் ஷெரினின் பெயர். எங்கள் ஜிம்மில் குத்துச்சண்டை பழகுகிற பிள்ளை. எதையும் குரல்பதிவாக அனுப்புவாளே தவிர அழைக்க மாட்டாள். "அண்ணே, மாஸ்டர் விடியக்காலம் நித்திரையிலேயே இறந்துட்டார்" என்றாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், என்னுடைய பொக்சிங் மாஸ்டர் செத்துப்போனார் என்று மீன்காரரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார், யாருடைய மாஸ்டர் என்று இன்னொரு தரம் கேட்டார்.

பெனடிக்ட் மாஸ்டரை அறிந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர், கொட்டாஞ்சேனையில் அந்தத் தகரக் கூரை ஜிம்மை நடத்தியவர், எல்லா வகை வயிறுகளையும் சேர்த்துக்கொண்டார். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு வந்து, நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது, கடற்கரையோரம் மெரின் டிரைவில் நடக்க எனக்கு மனமில்லை. அங்கே சொந்தக்காரர் எல்லாரும் எதிரே வருவார்கள். என் வேகம் அன்றைக்கே கதையாகி யாழ்ப்பாணம் வரை போய்ச் சேரும். ஊரார் கதையை நான் காவித் திரியலாமே தவிர, என் கதையை மற்றவர் காவித் திரியக்கூடாது. ஆகவே தெரிந்தவர் ஒருவரும் வராத கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். மாஸ்டர் என் பெயரைக் கேட்கவில்லை. "வெள்ளவத்தை" என்றே கடைசிவரை கூப்பிட்டார்.

முதல்முறை என்னை ஸ்பாரிங்குக்கு, அதாவது கையுறையும் தலைக்கவசமும் போட்டு இருவர் மோதிப் பழகுகிற பயிற்சிச் சண்டைக்கு, மேடை ஏற்றியபோது எதிரே நின்றவள் ஷெரின்தான். மருதானையில் மருந்துக் கடையில் வேலை. குழந்தைக்கு மருந்து எடுத்துக்கொடுக்கிற அதே பக்குவத்தோடு என் மூக்கில் ஒன்று வைத்தாள். எனக்குத் துறைமுக விளக்குகள் எல்லாம் ஜிம்முக்குள்ளேயே தெரிந்தன. மாஸ்டர் மணியை அடித்து நிறுத்தி, கயிற்றுக்கு வெளியே நின்றபடி கேட்டார்: "வெள்ளவத்தை, உங்களுக்கு முந்தி ஏறினது யாரு?"

யார் ஏறினார் என்று சொன்னேன். என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், மாஸ்டரிடம் எதற்காக ஏச்சு வாங்கினார், அவருடைய கலியாணப் பேச்சு ஏன் குழம்பியது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"தலையில ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். "வாய்க்குத்தான் மருந்தில்ல."

அந்தக் கேள்வி எல்லாருக்கும் உண்டு. அடி வாங்கியவனிடம் பேரையும் ஊரையும் கேட்டுப் பயனில்லை, அவை கடைசிவரை போகாது, சற்றுமுன் நடந்ததுதான் முதலில் போகும் என்பார். பதில் தடுமாறினால் இறக்கிவிடுவார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு ஸ்பாரிங் இல்லை. கெஞ்சினாலும் கிடையாது. "அடி வாங்கின தலை, தனக்கு ஒண்ணும் இல்லண்டுதான் சொல்லும். அதை நம்பாதீங்க. வெளியில நிக்கிற என்னை நம்புங்க." இதை நீங்களும் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆனால் அந்த ஜிம்மில் ஒருவர் தலைக்கும் ஒன்றும் நேராததற்கு, நாங்கள் அலுத்துக்கொண்டே அதற்குக் கீழ்ப்படிந்ததுதான் காரணம்.

போன வருடம், பெரிய போட்டிக்கு முன்னால் ஷெரின் கன்னத்தில் ஒரு அடி வாங்கினாள். விழவில்லை, நன்றாகத்தான் நின்றாள். மாஸ்டர் கேட்டதும் இரண்டு பேரின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னாள். போட்டியிலிருந்து அவளை எடுத்துவிட்டார். இரத்மலானையில் வேறு ஜிம் இருக்கிறது, அங்கே போகிறேன் என்று அழுதுகொண்டு போனவள், மூன்றாம் நாள் திரும்பி வந்து ஒரு மூலையில் தனியாகக் கயிறு தாண்டினாள்.

மாதம் பாதிகூடப் போகவில்லை. ஒரு பின்னேரம் மாஸ்டர், "மகள், கிளவுஸைப் போட்டு ஏறுங்க" என்றார். போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. மனம் மாறிவிட்டார் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் அப்படி நினைக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் சொன்னதைத் திரும்பச் சொல்வதையும், கழற்றிய கண்ணாடியைத் தேடுவதையும் கவனித்திருந்தேன். மற்றவர்களைக் கவனிப்பதுதானே என் தொழில். கிட்டப் போய், அவளுக்கு இன்னும் மாதம் முடியவில்லையே என்று மெதுவாகச் சொன்னேன்.

"என்ன மாதம்?" என்றார். விளக்கினேன். அவர் முகம் சிவந்தது. "இங்க யார் ஏறுறது, யார் இறங்குறதுண்டு நான்தான் சொல்லுவன். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வெள்ளவத்தைக்கே போங்க."

அவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று எங்களைப் பழக்கியவரே அவர்தான். எங்களை இவ்வளவு காலம் காப்பாற்றிய அந்தப் பழக்கம் இப்போது அந்தப் பிள்ளையின் தலைக்கு நேரே நின்றது. ஷெரினுக்கு ஒரு கால் கயிற்றுக்கு உள்ளே, மற்றது வெளியே. அவள் அப்படியே நின்று அவரைப் பார்த்தாள்.

"மாஸ்டர்" என்றாள், "எனக்கு முந்தி ஏறினது யாரு?"

அப்போதுதான் இரண்டு பேர் மோதி முடித்து இறங்கியிருந்தார்கள். மாஸ்டர் வெறும் மேடையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாருக்கு வியர்த்திருக்கிறது என்று தேடுகிறார் என எனக்குப் புரிந்தது. கொழும்பில், தகரக் கூரைக்குக் கீழே, யாருக்குத்தான் வியர்க்கவில்லை?

"இறங்குங்க மகள்" என்றார்.

அடுத்த நாள் எல்லாரையும் கூப்பிட்டு, இனி ஸ்பாரிங்கை ஷெரின் பார்ப்பாள் என்றார். "நான் மறந்துட்டு வந்து ஏறச் சொல்லுவன். ஏறாதீங்க. நான் ஏசினாலும் ஏறாதீங்க."

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை இன்னும் சிரிப்பாக எழுதியிருப்பேன். அவர் அப்படிச் சொன்னதையும் மறந்துவிட்டார். வாராவாரம் வந்து மணியில் கை வைப்பார். நீங்கள் இனி இதைச் செய்வதில்லை என்று நீங்களே சொன்னீர்கள் மாஸ்டர் என்று யாராவது சொல்லவேண்டும். வாய்க்காரன் என்று அந்த வேலை எனக்கு விழுந்தது. ஒவ்வொரு தரமும் அவருக்கு அது புதுச் செய்தி; ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலவே அடிபட்டார். பகிடியாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒருநாள், தன் ஜிம்மைப் பறிக்க வந்த கள்ளன் என்று துவாயை என் முகத்தில் எறிந்தார். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா வாசலில் என்னைப் பிடித்து, மனிசனின் சந்தோசத்துக்கு ஒரேயொரு தரம் விட்டால் என்ன என்று கேட்டார். சும்மா தொட்டும் தொடாமலும் இருவரை ஆடவிடலாமா என்று நானும் யோசித்தேன். ஷெரின் சம்மதிக்கவில்லை. மாஸ்டருக்கு நடிச்சுக் காட்டுற இடத்துக்கு நான் வரமாட்டேன் என்றாள். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அது எனக்குத் தீரவில்லை.

கடைசியாக வந்த அன்றும் மணியில் கை வைத்தார். நான் சொன்னேன். ஏசவில்லை.

"நானா அப்படிச் சொன்னன்?"

"ஓம் மாஸ்டர்."

ஷெரினைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவருக்குள் அந்த நாளின் ஒரு துண்டுகூட இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாங்கள் பொய் சொல்கிறோமா என்று பார்க்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. "அப்ப சரி" என்று கையை எடுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

செத்த வீட்டில் ஸ்டெல்லா அக்கா பழைய கதை ஒன்று சொன்னார். கலியாணம் கட்டின புதிதில் மாஸ்டர் சண்டை முடிந்து வீட்டுக்கு வந்து, யார் வென்றது என்று அவரிடமே கேட்பாராம். அக்கா அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்பாராம். அவருடைய மறதி வருத்தத்துக்கு அந்த அடிகள்தான் காரணமா என்று டொக்டர்மாரால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியாது. அந்தக் காலத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பழைய கையுறைகளையும் படங்களையும் பெடியன்கள் ஞாபகத்துக்கென்று எடுத்துப்போனார்கள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. போன கிழமை ஜிம் மறுபடி திறந்தது. ஏறி, எதிர்பாராமல் காதோரம் ஒரு அடி வாங்கினேன். ஷெரின் மணியை அடித்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் சொன்னேன், வழக்கம்போல இரண்டு வம்பும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்க நிக்கிற விதம் சரியில்ல, அண்ணே. இறங்குங்க" என்றாள்.

எனக்கு ஒன்றுமே இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.