பிரிண்ட் ரொம்ப பிஸி

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் நான் சொல்வதுதான் அந்த ஆபீசில் தீர்ப்பு.

குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்கு ஒரு சாம்பிள் அனுப்பினோம். நெஞ்சில் யானை, மயில், சூரியன், தென்னை மரங்கள், ஒரு படகு. லண்டனில் ஆர்டர் தரும் அம்மாளிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பிரிண்ட் ரொம்ப பிஸியாக இருக்கிறது.

"என்னங்கறாங்க?" என்றார் முதலாளி.

"நம்ம பிரிண்டிங் பட்டறைல வேலை ஜாஸ்தியாம் சார். ஆர்டர் லேட்டாகும்னு பயப்படுதாங்க."

"அது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்கும் தெரியவில்லை. அவர் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு.

"பிஸியாத்தான் இருக்கறாராட்டங்குது," என்றார்.

நேரில் போனோம். பட்டறையில் மேசைகள் காலியாகக் கிடந்தன. போன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்திருந்தது. பட்டறைக்காரர் பெஞ்சில் படுத்திருந்தார்.

"ஏனுங்க, நீங்க ரொம்ப பிஸின்னு லண்டன்ல சொல்றாங்க," என்றார் முதலாளி.

அவர் எழுந்து உட்கார்ந்து காலி மேசைகளைப் பார்த்தார். "அப்படீங்களா? நல்ல பேருதானுங்க."

திரும்பி வந்து, எங்கள் பிரிண்ட் பிஸியே இல்லை, எப்போதும் ஃப்ரீதான் என்று உறுதியாக எழுதிப் போட்டேன். மறுநாள் அந்த அம்மாள் சாம்பிளின் படத்தையே அனுப்பியிருந்தார். மயில், சூரியன், மரம், படகு எல்லாவற்றின் மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. யானை மட்டும் தப்பியிருந்தது. அகராதியைப் புரட்டினேன். கண்ணுக்கு நெரிசலாக இருக்கும் டிசைனையும் பிஸி என்பார்களாம்.

முதலாளி படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்ப மயிலுக்கு வேலை இல்லைங்கறாங்க."

பட்டறைக்காரருக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"மயிலு நானே வரைஞ்சதுங்க அம்மிணி," என்றார். பிறகு, "சரி, எடுத்தர்றனுங்க."

யானை மட்டும் கப்பல் ஏறியது. பழைய டிசைனைத் தூக்கிப்போட மனமில்லாமல் பட்டறைக்காரர் அதைச் சாதாரண பனியன்களில் அடித்து, காதர்பேட்டை பனியன் சந்தையில் ஒரு கடையில் போட்டார். வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்றாராம். கைப்பக்கம் சும்மாதானே இருக்கிறது, அங்கே ஒரு கிளி போட முடியுமா என்றும் கேட்டாராம்.

போட்டுக் கொடுத்தார்.